ஜாம் அலமாரி: ஜேம்ஸ் என்று தேடினால் வந்து நிற்கும் கூட்டம்

மேல்தட்டு | சனி, இரவு 9.40

போன மாதம் ஒரு பழைய புத்தக வியாபாரியிடம் வாட்ஸாப்பில் ஒரு புத்தகம் கேட்டேன். “ஜேம்ஸ், பேய்க்கதை, பழசானாலும் பரவாயில்லை” என்று அவசரமாகத் தட்டி அனுப்பியதோடு சரி. என் மனதில் இருந்தது ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’. பார்சலைப் பிரித்தால் உள்ளே எம்.ஆர். ஜேம்ஸின் கதைத் தொகுதி. கூப்பிட்டுக் கேட்டால், “சார், ஜேம்ஸ்னு சொன்னீங்க, பேய்னு சொன்னீங்க. ரெண்டும் அதுல இருக்கே” என்கிறார். என்ன பதில் சொல்வது? கேட்டது நான்தானே.

திருப்பி அனுப்பலாம் என்று மேசைமேல் போட்டிருந்ததை, கரண்ட் போன ஓர் இரவில் எமர்ஜென்ஸி விளக்கு வெளிச்சத்தில் எடுத்து, ஒரே ஒரு கதை என்று ஆரம்பித்தேன். கடற்கரை விடுதியில் தங்கும் ஒரு பேராசிரியர், இடிபாடுகளுக்குள்ளிருந்து ஒரு பழைய ஊதலை எடுத்து வந்து ஊதிப் பார்க்கிறார். அவர் அறையில் இரண்டு கட்டில். இரண்டாவதில் யாரும் இல்லை. யாரும் இல்லாத அந்தக் கட்டிலின் விரிப்பு எழுந்து உட்காருகிறது. கசங்கிய துணிதான் அதற்கு முகம். அன்றிரவு என் வீட்டில் விருந்தாளிகளுக்கான கட்டிலில் கிடந்த போர்வையை மடித்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் படுத்தேன். புத்தகம் என்னிடமே இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது.

அப்புறம் ஒரு விளையாட்டாக, வெறும் ‘ஜேம்ஸ்’ என்று போட்டுத் தேடினேன். உளவியல், மதம், கிரிக்கெட், பேஸ்பால், ஹைட்டி புரட்சி, கொலை விசாரணை, கௌபாய் குதிரை, படுக்கையறை, ஜமைக்கா துப்பாக்கிச் சண்டை என்று ஒரு சந்தையே வந்து நின்றது. ஆங்கில நூலகங்களில் புத்தக முதுகில் ஆசிரியர் குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்தை ஒட்டுவார்கள் இல்லையா, அந்தக் கணக்கில் இவர்கள் எல்லோருக்கும் ‘ஜாம்’ (JAM) என்றுதான் சீட்டு.

இந்த ஜாம் அலமாரியில் நீங்கள் படித்தது என்ன? ஒரே விதி: ஜேம்ஸ் குடும்பப் பெயராக இருக்க வேண்டும். ஜேம்ஸ் ஜாய்ஸ், ஜேம்ஸ் பால்ட்வின் எல்லாம் வேறு தட்டு.


வெட்டிப்பேச்சு | சனி, இரவு 10.05

12பி பஸ்ஸில் ஏறினவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்களா? பெயர் ஒன்றாக இருப்பது தற்செயல். அதை வைத்து ஒரு இழை ஓட்டுவது நம்ம ஊரில்தான் நடக்கும். குமார் என்ற பெயரில் எழுதினவர்களைக் கணக்கெடுத்தால் மாவட்ட மைய நூலகம் போதாது.


இராக்கோழி | சனி, இரவு 10.31

@வெட்டிப்பேச்சு தற்செயல்தான் சார், ஆனால் அதனால் வரும் விபத்து நிஜம். என் கதையைக் கேளுங்கள்.

என் பெரியம்மா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். துப்பறியும் நாவல் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது, “அந்த ஜேம்ஸ் அம்மா எழுதினது ஏதாவது வாங்கிக் குடுடா” என்றார். கடையில் போய் ‘ஜேம்ஸ், பெண் எழுத்தாளர்’ என்று கேட்டேன். மூன்று புத்தகம் ஒரே கட்டாகக் கொடுத்தார்கள், சாம்பல் நிற அட்டை, டை படம் போட்டு. நல்ல விற்பனையாம். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் போன். “ஏண்டா, நூறு பக்கம் தாண்டியாச்சு. இன்னும் ஒரு கொலைகூட விழல?”

அவர் கேட்டது பி.டி. ஜேம்ஸ். நான் வாங்கிக் கொடுத்தது இ.எல். ஜேம்ஸின் படுக்கையறை நாவல் ‘ஃபிஃப்டி ஷேட்ஸ்’. இன்றுவரை கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மூன்று பாகத்தையும் பெரியம்மா முடித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார் என்பது வேறு விஷயம்.

பிராயச்சித்தமாக பி.டி. ஜேம்ஸை நானே படிக்க ஆரம்பித்தேன். அந்த அம்மாள் வாழ்க்கையே ஒரு நாவல். 16 வயதில் பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. கணவர் டாக்டர், இரண்டாம் உலகப் போரிலிருந்து மனநோயோடு திரும்பினார். இரண்டு பெண் குழந்தைகள். குடும்பம் ஓட வேண்டுமே என்று மருத்துவமனை நிர்வாகத்தில் வேலைக்குச் சேர்ந்தார், வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அதிகாலையில் எழுந்து எழுதினார். முதல் நாவல் ‘கவர் ஹர் ஃபேஸ்’ 1962இல் வந்தபோது வயது 40ஐத் தாண்டிவிட்டது. 1968இல் பிரிட்டிஷ் உள்துறை அலுவலகத்துக்கு மாறினார். அங்கே காவல், குற்றவியல் தொடர்பான வேலை. அதனால்தான் அவர் நாவலில் பிணம் விழும் இடமெல்லாம் ஒரு அலுவலகம் மாதிரியே இருக்கும்: நர்ஸ் பயிற்சிப் பள்ளி, தடய ஆய்வுக்கூடம், பராமரிப்பு இல்லம். யார் யாரிடம் லீவு கேட்க வேண்டும், எந்தச் சாவி யாரிடம் இருக்கும் என்பது வரை வந்துவிடும். கொலைகாரனைவிட அந்த ஆபீஸ் அரசியல்தான் எனக்குப் பிடித்தது.

அவர் கணவர் வீட்டுப் பெயர் ஒயிட். எழுதும்போது பிறந்த வீட்டுப் பெயரான ஜேம்ஸையே வைத்துக்கொண்டார். ஒயிட் என்று போட்டிருந்தால் பெரியம்மாவுக்கு இந்தச் சோதனை வந்திருக்காது.


பழைய_நூலகர் | ஞாயிறு, காலை 7.15

33 வருடம் நூலகத்தில் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் ஒரு திருத்தம். ஜாம் அலமாரி என்று ஒன்று உண்மையில் கிடையாது. புத்தகங்களுக்கு எண் போட்டு அடுக்கும் டியூயி முறையில் முதலில் வருவது பொருள். பெயர் அதற்கு அப்புறம்தான். வில்லியம் ஜேம்ஸின் உளவியல் நூல் 150இல் போய்விடும். ஹென்றி அமெரிக்கப் புனைகதை, 813. பி.டி. அம்மாள் 823. எம்.ஆர். ஜேம்ஸுக்கு இரண்டு வீடு: பேய்க்கதை 823இல், 1924இல் அவர் மொழிபெயர்த்து வெளியிட்ட, புதிய ஏற்பாட்டில் சேர்க்காமல் ஒதுக்கிய நூல்கள் 229இல். பேயும் வேதமும் ஒரே ஆள் கையிலிருந்து. அவர் தொழில்முறையில் பழைய சுவடி ஆராய்ச்சியாளர், கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் கையெழுத்துப் பிரதிகளுக்கெல்லாம் அட்டவணை போட்டவர். பேய்க்கதை அவருக்குக் கிறிஸ்துமஸ் இரவில் நண்பர்களுக்குப் படித்துக் காட்டும் பொழுதுபோக்கு. அட்டவணை போடுகிறவன் எழுதிய பேய்க்கதை என்பது படிக்கும்போது தெரியும். பேய் வருவதற்கு முன்னால் பக்க எண்ணைச் சரியாகச் சொல்லிவிடுவார்.

ஆனால் இதே டியூயி, பெயரைப் பார்க்காமலேயே இரண்டு ஜேம்ஸைப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடி வைத்திருக்கிறது. பேஸ்பாலுக்கு 796.357. கிரிக்கெட்டுக்கு 796.358. முதலாவதில் அமெரிக்காவின் பில் ஜேம்ஸ். அடுத்ததில் டிரினிடாட்டின் சி.எல்.ஆர். ஜேம்ஸ். ஒருவர் 1970களில் கேன்சஸில் ஒரு டப்பா உணவுத் தொழிற்சாலைக்கு இரவுக் காவல் இருந்துகொண்டே பேஸ்பால் எண்களைக் கூட்டிக் கழித்து 1977இல் தன் செலவில் புத்தகம் போட்டவர். இன்னொருவர் பந்தைப் பார்த்துப் பேரரசைப் படித்தவர். மட்டையும் பந்தும் பற்றி ஆங்கிலத்தில் பெரிதாகப் பேசப்பட்ட இருவரும் ஜேம்ஸ் என்பது எனக்கு அலமாரியை அடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது.

நம்ம சீர்காழி ரங்கநாதன் உருவாக்கிய கோலன் என்ற நூல் பகுப்பு முறையில் இன்னொரு வேடிக்கை. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று, 1933இல் அந்த முறையை அச்சில் கொண்டுவந்தார். அதில் இலக்கிய ஆசிரியரை அடையாளம் காட்டுவது பிறந்த ஆண்டு. 1500களுக்கு ‘ஜே’ என்ற எழுத்து, ஆகவே ஷேக்ஸ்பியர் 1564 என்றால் ஜே64. அந்தக் கணக்கில் 1920இல் பிறந்த பி.டி. ஜேம்ஸ், அதே வருடம் பிறந்த பால் ஸ்காட்டோடும் ரிச்சர்ட் ஆடம்ஸோடும் உட்காருவார். இ.எல். ஜேம்ஸ் 1963, எங்கேயோ தள்ளி இருப்பார். இராக்கோழியின் பெரியம்மா ரங்கநாதன் நூலகத்துக்குப் போயிருந்தால் தப்பித்திருப்பார்.


வெட்டிப்பேச்சு | ஞாயிறு, காலை 8.02

796.357, 796.358. சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். இது அழகு.

ஆனால் நான் சொன்னதைத்தான் சாரும் சொல்கிறார்: பெயர் தற்செயல், பொருள்தான் முக்கியம்.


கவர்டிரைவ் | ஞாயிறு, காலை 11.20

சி.எல்.ஆர். பெயர் வந்த பிறகு சும்மா போக முடியாது.

‘பியாண்ட் எ பௌண்டரி’, 1963. கிரிக்கெட் புத்தகம் என்று நினைத்து எடுப்பவர்கள் முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். டிரினிடாட்டில் டுனாபுனா என்ற ஊர். வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே ஆட்ட மைதானம். ஆறு வயதுப் பையன் நாற்காலி போட்டு ஏறினால் மாலைப் பயிற்சியும் சனிக்கிழமை ஆட்டமும் தெரியும். அதே நாற்காலியிலிருந்து ஜன்னல் விளிம்பில் கால் வைத்து எட்டினால் துணி அலமாரியின் உச்சியில் இருக்கும் புத்தகங்கள் கைக்கு வரும். ஒரே நாற்காலியில் ஆட்டமும் வாசிப்பும். அந்த ஆள் 88 வயது வரை அந்த நாற்காலியை விட்டு இறங்கவே இல்லை என்று எனக்குத் தோன்றும்.

1932இல் இங்கிலாந்து போனார். லங்காஷயரில் நெல்சன் என்ற மில் ஊரில் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் வீட்டில் தங்கினார். கிரிக்கெட் செய்தியாளராகப் பிழைத்துக்கொண்டே 1938இல் ‘தி பிளாக் ஜேக்கபின்ஸ்’ கொண்டுவந்தார். 1791இல் தொடங்கி 1804இல் ஹைட்டி விடுதலையில் முடிந்த அடிமைகள் புரட்சியின் வரலாறு. அந்தக் காலத்தில் அந்தப் புரட்சியை, அடிமைகளே முன்னின்று நடத்திய அரசியலாக எழுதியது பெரிய விஷயம். இரண்டு வருடம் முன்னால் அவரே ஒரு நாவலும் எழுதியிருந்தார், ‘மின்டி ஆலி’.

பிறகு அமெரிக்காவில் போய் இருந்தவரை 1952இல் அந்த நாடு வெளியேற்றப் பார்த்தது. நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில் அடைத்து வைத்தார்கள். உள்ளே உட்கார்ந்து என்ன எழுதினார் தெரியுமா? ‘மோபி டிக்’ எழுதிய மெல்வில்லைப் பற்றி ஒரு விமர்சன நூல். விசாரணைக் கைதி இலக்கிய விமர்சனம் எழுதுவது, அதுவும் நாட்டைவிட்டுத் துரத்தும் தேசத்தின் எழுத்தாளனைப் பற்றியே எழுதுவது! பிறகு டிரினிடாட் திரும்பியதும், மேற்கிந்திய அணிக்கு ஃபிராங்க் வொரலைத் தலைவராக்க வேண்டும் என்று பத்திரிகையில் இயக்கமே நடத்தினார். வொரல் தலைமையில் 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆடியதுதான் அந்த சமன் ஆன டெஸ்ட்.

ஆகவே ஒருவரையே எடுத்தால்கூட நூலகர் சார் மூன்று நான்கு தட்டில் ஓட வேண்டும்: 796, ஹைட்டிக்கு 972, நாவலுக்கு ஒன்று, மெல்வில்லுக்கு ஒன்று. பொருள் பிரித்துப் போட்ட மனிதனை ஒன்றாகச் சேர்த்துப் பிடிப்பது அந்த ஜேம்ஸ் என்ற பெயர்தானே, வெட்டிப்பேச்சு அண்ணே?


சிங்கை_வாசகி | ஞாயிறு, பிற்பகல் 2.48

உண்மையிலேயே சொந்தக்காரர்களாக இருந்த ஜேம்ஸ்களை யாரும் தொடவில்லையே. வில்லியமும் ஹென்றியும் அண்ணன் தம்பி. தாத்தா அயர்லாந்தின் கேவன் பகுதியிலிருந்து நியூயார்க் மாநிலத்து ஆல்பனிக்கு வந்து பணம் சேர்த்தவர். அப்பாவும் ஹென்றிதான், சமயச் சிந்தனை நூல்கள் எழுதினவர். கடைக்குட்டி தங்கை ஆலிஸ். மூன்று பிள்ளைகளின் புத்தகமும் இன்று அச்சில் இருக்கிறது.

வில்லியம் 1878இல் ஓர் உளவியல் பாடநூலுக்கு ஒப்பந்தம் போட்டார். கொடுத்தது 1890இல். பன்னிரண்டு வருடம்! (என் ஆராய்ச்சி மேற்பார்வையாளருக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.) ‘நனவோடை’ என்று நாம் தமிழ் விமர்சனத்தில் சர்வசாதாரணமாகப் போடுகிறோமே, அந்தக் கருத்தைப் பரவலாக்கியது அந்தப் புத்தகம்தான். 1902இல் வந்த ‘தி வெரைட்டீஸ் ஆஃப் ரிலிஜியஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ எடின்பரோவில் ஆற்றிய உரைகள். அதில் விவேகானந்தரின் ராஜயோக நூலிலிருந்து மேற்கோள் வரும். இருவரும் நேரிலும் சந்தித்தவர்கள்.

தம்பி ஹென்றி வேறு ரகம். 1897 வாக்கில் மணிக்கட்டு வலி வந்தது. அதிலிருந்து எழுதுவதை விட்டுவிட்டு, அறைக்குள் நடந்துகொண்டே தட்டச்சருக்குச் சொல்ல ஆரம்பித்தார். பிற்கால நாவல்களில் வாக்கியம் சுற்றிச் சுற்றிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். சொல்லிக்கொண்டே நடப்பவருக்கு முற்றுப்புள்ளி எதற்கு? அண்ணனுக்கே பொறுக்கவில்லை. சொல்ல வந்ததை நேராகச் சொல்லித் தொலையேன் என்ற பாணியில் தம்பிக்குக் கடிதம் எழுதினார். நாவலாசிரியர் போல எழுதிய உளவியலாளர் அண்ணன், உளவியலாளர் போல எழுதிய நாவலாசிரியர் தம்பி என்று ஒரு பழைய கேலி உண்டு.

என் ஓட்டு ஆலிஸுக்கு. வாழ்நாளில் பெரும்பகுதி படுக்கையில். கடைசி வருடங்களில் இங்கிலாந்தில் வைத்து ஒரு நாட்குறிப்பு எழுதினார், சொந்த மரணத்தையே நக்கலடிக்கும் தைரியத்தோடு. 1892இல் இறந்தார். நாட்குறிப்பு பொது வாசகர் கைக்கு வந்தது 1934இல். அண்ணன்கள் மாதிரி ஹார்வர்டு வாசல் அவருக்குத் திறக்கவில்லை. இரண்டு பெரிய பெயர்களுக்கு நடுவில் அதே பெயரோடு படுத்துக்கிடப்பது எப்படி இருந்திருக்கும் என்று அதைப் படித்தால் தெரியும். இந்த வீட்டைப் பொறுத்தவரை பெயர் தற்செயல் இல்லை, பாரம்.


உப்பளம்_தூத்துக்குடி | ஞாயிறு, மாலை 5.10

நான் இந்த அலமாரிக்கு வெளியே நிற்கும் ஜேம்ஸ். எங்க அப்பா பெயர் ஜேம்ஸ். ஊரில் எனக்கு ‘ஜே.’ என்ற இனிஷியல் மட்டும்தான். பாஸ்போர்ட் எடுத்தபோது ‘சர்நேம்’ கட்டத்தில் எதையாவது போட்டாக வேண்டும் என்று அப்பா பெயரைப் போட்டோம். வளைகுடாவில் வேலைக்குப் போனதும் முதல் நாளே “மிஸ்டர் ஜேம்ஸ்” என்று கூப்பிட்டார்கள். அப்பா எங்கே இங்கே வந்தார் என்று திரும்பிப் பார்த்தேன்.

இதில் வேடிக்கை, வேல்ஸ்காரர்களும் நம்மைப் போலத்தான் இருந்திருக்கிறார்கள். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. ‘இன்னாரின் மகன்’ என்பதற்கு நடுவில் ‘அப்’ போட்டுக்கொள்வார்கள். அப் ரீஸ் என்பது ப்ரைஸ் ஆனது. அப் ஹவல் என்பது பவல் ஆனது. ஆங்கிலேயப் பதிவேட்டுக்காக ஒரு தலைமுறையில் அப்பா பெயர் அப்படியே உறைந்து குடும்பப் பெயராகிவிட்டது. அங்கே ஜேம்ஸ்கள் அதிகம் என்பதற்கு அதுவும் காரணம். அவர்களுக்கு 16ஆம் நூற்றாண்டு தொடங்கி மெல்ல மெல்ல நடந்தது, எனக்கு பாஸ்போர்ட் கவுண்டரில் பத்து நிமிடத்தில் நடந்தது.

கவர்டிரைவ் தம்பி சொன்ன ‘பிளாக் ஜேக்கபின்ஸ்’ பற்றி ஒன்று. எங்கள் தமிழ் பைபிளில் ஆங்கிலத்து ஜேக்கபும் யாக்கோபு, ஜேம்ஸும் யாக்கோபு. இரண்டும் ஒரே வேர். பிரெஞ்சில் அதுவே ழாக். பாரிஸில் செயின்ட் ழாக் தெருவில் மடம் வைத்திருந்த துறவிகளை ஜேக்கபின் என்றார்கள். அவர்களுடைய இன்னொரு மடத்தில் கூடியதால் புரட்சிக்காரர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, ஜேம்ஸ் என்பவர் ஜேக்கபின்களைப் பற்றி எழுதியது, யாக்கோபு யாக்கோபுகளைப் பற்றி எழுதியது.

ஆனால் எல்லா ஜேம்ஸும் ஒரே வழியாக வந்த ஜேம்ஸ் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அயர்லாந்திலிருந்து கப்பலேறிய தாத்தாவிடமிருந்து வந்த ஜேம்ஸ் வேறு. கரீபியனில் அடிமைத்தனம் வழியாகக் கறுப்பினக் குடும்பங்களுக்கு ஒட்டிய ஆங்கிலப் பெயர்கள் வேறு; அங்கே பலருக்கும் குடும்பப் பெயர் தோட்ட முதலாளி வழியாகவோ பாதிரியார் வழியாகவோ வந்தது. சி.எல்.ஆர்., ஜமைக்கா நாவலாசிரியர் மார்லன் ஜேம்ஸ் இருவரையும் படிக்கும்போது அட்டையில் இருக்கும் அந்தப் பெயரை ஒரு நொடி கூடுதலாகப் பார்ப்பேன். மார்லன் ஜேம்ஸ் 2015இல் புக்கர் வாங்கினார், ஜமைக்காவிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள். முதல் நாவலை எழுபது தடவைக்கு மேல் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வெறுத்துப்போய் கணினியிலிருந்தே அழித்துவிட்டார். பிறகு, பழைய மின்னஞ்சல் ஒன்றில் கிடந்ததைத் தேடி எடுத்தார்.


இராக்கோழி | ஞாயிறு, மாலை 6.00

உப்பளம் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிறப்பில் வராமல், கடையில் சட்டை எடுப்பது போல ‘ஜேம்ஸ்’ எடுத்து மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

இ.எல். ஜேம்ஸ் அதில் ஒருவர். எரிக்கா லெனர்ட் என்பவரின் புனைபெயர். ‘ட்வைலைட்’ என்ற இன்னொருவர் நாவலின் பாத்திரங்களை வைத்து இணையத்தில் ரசிகர் கதையாக ஆரம்பித்தது 2011இல் புத்தகமானது. எலாய்சா ஜேம்ஸ் என்று வரலாற்றுக் காதல் நாவல்கள் எழுதுபவர் உண்மையில் நியூயார்க் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியர் காலத்து நாடகம் நடத்தும் பேராசிரியர் மேரி பிளை. கவிஞர் ராபர்ட் பிளையின் மகள். சக பேராசிரியர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று வருடக்கணக்கில் மறைத்து வைத்திருந்து, 2005இல் தானே வெளியே சொன்னார்.

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவர் வில் ஜேம்ஸ். ‘ஸ்மோக்கி தி கௌஹார்ஸ்’ என்ற குதிரைக் கதைக்கு 1927இல் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் வாங்கிய அமெரிக்க கௌபாய். படமும் அவரே வரைவார். 1930இல் சுயசரிதை எழுதினார்: மொன்டானாவில் பிறந்தேன், சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தேன், ஒரு பிரெஞ்சு கனடிய வேட்டைக்காரர் வளர்த்தார் என்று. மனிதர் 1942இல் போய்ச் சேர்ந்த பிறகு மெல்ல வெளியே வந்தது என்னவென்றால், அவர் கனடாவின் கியூபெக்கில் பிறந்த எர்னெஸ்ட் டியூஃபோ. குடும்பம் குத்துக்கல் மாதிரி அங்கேயே இருந்தது. பேச்சில் பிரெஞ்சு வாடை அடிப்பதற்குக் காரணம் சொல்லத்தான் அந்த வேட்டைக்காரரையே உண்டாக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். சுயசரிதையே புனைகதை! நூலகர் சார், இதை எந்தத் தட்டில் வைப்பீர்கள்?


பழைய_நூலகர் | ஞாயிறு, மாலை 6.25

வாழ்க்கை வரலாற்றில்தான். ஆசிரியர் சொன்னதை நம்புவது எங்கள் தொழில் தர்மம். பொய் சொன்னால் பாவம் அவருக்கு.

இன்னொரு தொல்லை சமீபத்தில் சேர்ந்திருக்கிறது. பெர்சிவல் எவரெட் 2024இல் எழுதிய நாவலின் பெயரே ‘ஜேம்ஸ்’. புலிட்சர் வாங்கியது. மார்க் ட்வைனின் ஹக்கல்பெரி ஃபின் கதையை அடிமை ஜிம்மின் வாயால் சொல்வது. முதுகுச் சீட்டைப் பார்க்காமல் தலைப்பை மட்டும் பார்த்து அடுக்குகிற பையன்கள் அதையும் ஜாமில் செருகிவிடுவார்கள். செருகட்டும், விட்டுவிடலாம் போலிருக்கிறது.


கொடிமுல்லை | ஞாயிறு, இரவு 7.50

நம்ம ஔவையார் தட்டையும் யாராவது தூசி தட்டுங்களேன். அதியமானோடு கள் குடித்த ஔவை ஒருத்தி, ஆத்திசூடி ஔவை ஒருத்தி. நூற்றாண்டுக்கணக்கில் இடைவெளி. நாமோ எல்லோரையும் ஒரே பாட்டி ஆக்கி கையில் கம்பைக் கொடுத்துவிட்டோம். ஜேம்ஸுக்காவது முன்னால் இனிஷியல் இருக்கிறது.


ரயில்வே_காலனி | ஞாயிறு, இரவு 8.04

+1. தனி இழை திறங்கள் தோழி, வருகிறேன்.


பனிமூட்டம்_லண்டன் | திங்கள், அதிகாலை 3.30

நேர வித்தியாசத்தால் தாமதம். மேல்தட்டு சார், உங்களுக்குத் தவறுதலாக வந்த புத்தகத்துக்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது. யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

போன வருடம் சசெக்ஸில் ரை என்ற சின்ன ஊருக்குப் போயிருந்தோம். கூழாங்கல் பாவிய ஏற்றமான தெரு. குழந்தை வண்டியைத் தள்ளுவதற்குள் என் கணவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. தெரு வளையும் இடத்தில் லாம்ப் ஹவுஸ் என்று செங்கல் வீடு. 1898 முதல் ஹென்றி ஜேம்ஸ் குடியிருந்த வீடு. சிங்கை_வாசகி சொன்ன அந்த நடந்துகொண்டே சொல்லும் பழக்கம் இங்கேயும் தொடர்ந்தது. கோடையில் அவர் வேலை செய்த தோட்டத்து அறை இப்போது இல்லை, 1940இல் ஜெர்மன் குண்டு விழுந்து போய்விட்டது.

அந்த வீட்டில் ஹென்றிக்குப் பிறகு குடியிருந்தவர் ஈ.எஃப். பென்சன் என்ற எழுத்தாளர். அவருடைய அப்பா கேன்டர்பரி பேராயர். 1895 ஜனவரியில் ஹென்றி அந்தப் பேராயர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேச்சுவாக்கில் பேராயர் ஒரு அரைகுறைக் கதை சொன்னார்: ஒரு பெரிய வீடு, இரண்டு குழந்தைகள், செத்துப்போன கெட்ட வேலைக்காரர்கள். ஹென்றி வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் எழுதி வைத்தார். 1898இல் அதுதான் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ ஆனது.

இப்போது அதே குடும்பத்தின் பிள்ளைகளைப் பாருங்கள். 1893 அக்டோபரில் கேம்பிரிட்ஜில் ஒரு சின்ன சங்கக் கூட்டத்தில் எம்.ஆர். ஜேம்ஸ் தன் முதல் பேய்க்கதைகளைப் படித்துக் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த சிலரில் ஒருவர் இந்த ஈ.எஃப். பென்சன். அவர் அண்ணன் ஏ.சி. பென்சன் எம்.ஆருக்கு மாணவப் பருவத்து நண்பர். அப்பா ஒரு ஜேம்ஸுக்குப் பேய்க்கதை கொடுத்தார். மகன் இன்னொரு ஜேம்ஸிடம் பேய்க்கதை கேட்டார், பிறகு முதல் ஜேம்ஸின் வீட்டிலேயே குடியேறினார். தானும் பேய்க்கதைகள் எழுதினார்.

ஆகவே உங்கள் வியாபாரி அனுப்பிய புத்தகம் அவ்வளவு தப்பான முகவரிக்கு வரவில்லை. இரண்டு ஜேம்ஸுக்கும் ரத்த உறவு இல்லை. ஆனால் நடுவில் ஒரு பென்சன் வீட்டுத் திண்ணை இருந்தது.


மேல்தட்டு | திங்கள், காலை 6.55

காபி ஆறிவிட்டது, இதைப் படித்து முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. வியாபாரிக்கு போன் போட்டுச் சொன்னேன். “நான்தான் அன்னைக்கே சொன்னேனே சார்” என்றார், ஏதோ பேராயரை நேரில் பார்த்தவர் மாதிரி. கையோடு ஹென்றியையும் கேட்டிருக்கிறேன், இந்த முறை முழுப் பெயரோடு. பென்சன் பேய்க்கதை இருந்தால் அதையும் எடுத்து வைக்கச் சொன்னேன்.


வெட்டிப்பேச்சு | திங்கள், காலை 9.12

பெயர் தற்செயல் என்பதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை. பென்சன் பெயர் ஜேம்ஸ் இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

அந்த எம்.ஆர். தொகுதி உங்களிடம் சும்மாதானே இருக்கிறது? அனுப்பி வையுங்கள். கூரியர் செலவு என்னுடையது, பதினைந்து நாளில் திருப்பிவிடுகிறேன்.


மேல்தட்டு | திங்கள், காலை 9.20

இன்றே அனுப்புகிறேன் அண்ணே. வீட்டில் காலியாகக் கிடக்கும் கட்டில் ஏதாவது இருந்தால், போர்வையை எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.